விமானத்தில் ஒரு பஸ் டிரைவர்

போன வாரம் ஒரு பஸ் டிரைவரோடு விமானத்தில் போனேன்.

தனசேகர். விழுப்புரம்–திண்டிவனம் ரூட். அவர் முதுகுக்குப் பின்னாலிருக்கும் சீட்டில் பல வருஷம் ஆபீஸ் போனவன் நான். விழுப்புரம் பக்கத்துக் கிராமமான கெடாரிலிருந்து கிளம்பிய அவருடைய ஒரே மகள் சுகன்யா, பணக்காரர்கள் வாடகைக்கு எடுக்கிற குட்டி விமானங்களில் பணிப்பெண். போன மாதம், வடக்கே ஓர் ஊரில், தரையை விட்டு எழும்பிய சில விநாடிகளில் அவள் போன விமானம் பக்கத்து வயலில் விழுந்தது. யாரும் பிழைக்கவில்லை.

வெளியிடத்தில் உயிர் போனால், போன இடத்திலேயே முப்பதாம் நாள் பால் ஊற்றுவது அவர்கள் வீட்டு வழக்கம். வயல்காரர் வரச் சொல்லிவிட்டார். ரயிலில் இடமில்லை. நாளும் இல்லை. எனக்குக் கொஞ்சம் இந்தி வரும் என்று துணைக்குக் கூப்பிட்டார்.

"ஒரு தடவ ஏறுப்பான்னு கெஞ்சுவா சார். தரையில இருந்தாத்தான் எனக்குக் கை கால் ஓடும்னு சொல்லிக்கினே இருந்துட்டேன்."

"இப்ப மட்டும் பயமில்லியா?" என்றார் அவர் மனைவி மல்லிகா.

"உனக்கு?"

"எம் பொண்ணு தெனம் ஏறினதுதான."

தூக்குச் சட்டியில் வீட்டு மாட்டின் பால். செக்யூரிட்டியில் விடவில்லை. தனசேகர் மல்லுக்கு நின்றார். மல்லிகாதான் இழுத்து வந்தார். "வாய்யா... அந்த ஊர்ல மாடு இல்லியா?"

விமானம் ஓடத் தொடங்கியது. தனசேகரின் வலது கால் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்தியது – இல்லாத பிரேக்கை! பிடித்திருந்த கையை விடுவதுபோல் நிலம் எங்களை விட்டது.

"தரைய உட்டுடுச்சாண்ணே?" மல்லிகா கண்ணைத் திறக்கவில்லை.

"விட்டுடுச்சும்மா."

"அன்னிக்கு இந்த ஒசரந்தான் வந்திருப்பா."

வாரா வாரம் பத்திரிகையில் எழுதுகிற நான், அவர் பெல்ட் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

மறுநாள் காலையில் அந்த வயலில் பால் ஊற்றினோம். அந்த ஊர் மாட்டின் பால். அதைப் பற்றி எழுத மாட்டேன். எழுத நினைத்தது, விமானத்தில் நடந்த இன்னொன்றை.

தள்ளுவண்டியோடு ஒரு பணிப்பெண் வந்தாள். சுகன்யாவின் வயதிருக்கும். தமிழ்ப்பெண்தான். "தண்ணி வேணுமா சார்?"

தனசேகர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எதிர் வரிசையில் காலியாக இருந்த சீட்டைக் காட்டினார்.

"மொதல்ல நீ செத்த நேரம் உக்காரும்மா. அப்பத்துலேர்ந்து நின்னுக்கினே கீற."

டியூட்டியில் பயணிகள் சீட்டில் உட்காரக் கூடாதாம்.

ஒரு நிமிஷம் உட்கார்ந்தாள்.