புகைக்கூட்டில் சாம்பிராணி

தன்னாமுனையில் றீற்றாவின் வீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்தில் ஒரு புகைக்கூடு நிற்கிறது. கல்லில் கட்டித் தகரம் வேய்ந்தது. வாவியில் பிடித்த மணலை மீனை அதற்குள் கம்பியில் தொங்கவிட்டு, தேங்காய்ப் பொச்சுமட்டைப் புகையில் வாட்டி விற்கிறாள். விற்பதைவிட அந்தக் கூட்டைத் துப்புரவாக வைத்திருப்பதில்தான் அவளுக்குப் பெருமை. மீனிலிருந்து சொட்டும் நெய்க்கு அடியில் ஒரு தகரத் தட்டு. ஒரு நாள் கழுவாமல் விட்டால் போதும், நெய் ஊசிப்போய் வெடுக்கு நாற்றம் ஊரைக் கூட்டும். அதனால் மீன் இறக்கிய கையோடு தட்டை வெந்நீரில் கழுவி, கம்பிகளைச் சாம்பலும் தேசிக்காய்ப் புளியும் போட்டுத் தேய்த்து, நாள் முழுக்கக் கதவைத் திறந்து விடுவாள். சவர்க்கார நுரை கிட்டவும் வரக்கூடாது. அந்த வாசம் மீனில் ஏறிவிடும்.

அன்று காத்தான்குடியிலிருந்து ஸுஹைனா வருவதாக இருந்தது. அவளுடைய புதுக் கடைக்கு வாராவாரம் புகை மீன் வேண்டும், ஆனால் இடத்தைக் கண்ணால் பார்க்காமல் வாங்கமாட்டாளாம். இது சரிவந்தால் றீற்றா செங்கலடிச் சந்தையில் வெயிலில் காய வேண்டியதில்லை. மாதாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரக் காலையிலேயே கோயிலுக்குப் போனாள்.

திரும்பி வந்தால் வீட்டு வளவு முழுக்கச் சாம்பிராணி. புருஷன் தோமஸ் புகைக்கூட்டுக்குள்ளிருந்து தும்மிக்கொண்டே வெளியே வந்தார்.

"ஆக்கள் வாற நேரம் நல்லா மணக்கட்டும் எண்டு போட்டன்."

"ஐயோ, மீன் வாட்டுற இடத்தைக் கோயிலாக்கிப் போட்டீங்களே!" றீற்றாவுக்கு அழுகையே வந்துவிட்டது. நல்ல மனிதர்தான். அந்த நல்ல மனசுதான் சில வேளை ஆளைக் கொல்லும்.

புகை கலைவதற்குள் ஸுஹைனா வந்துவிட்டாள். வந்ததும் மூக்கைச் சுளித்தாள்.

"என்னக்கா, பள்ளிவாசல் மாதிரி மணக்குது? நாத்தத்தை மறைக்கத்தானே சாம்பிராணி?" வேறோர் இடத்தில் அப்படி ஏமாந்து வந்தவள் அவள்.

"இவர் பார்த்த வேலை, தங்கச்சி. மறைக்க ஒண்டுமில்ல." றீற்றா தட்டை இழுத்தெடுத்து அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

ஸுஹைனா மோந்து பார்த்தாள். மூலையை நகத்தால் சுரண்டினாள். உள்ளே குனிந்து கம்பிகளைத் தடவி, விரலைப் பார்த்தாள்.

"இதுலதான் மீன் வாட்டுறீங்க எண்டா ஆரும் நம்பமாட்டாங்க. சாம்பிராணி எப்ப போகும்?"

"மூணு நாள் திறந்து விட்டாப் போயிரும். அதுவரைக்கும் ஒரு மீனும் ஏத்தமாட்டன்."

"அப்ப சனிக்கிழமை ஏத்துங்க. ஞாயிறு வாறன். பிறகு ஒவ்வொரு கிழமையும் வாறன்."

றீற்றாவுக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. கிணற்றுக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற தோமஸைக் கூப்பிட்டாள்.

"வாங்க, தேத்தண்ணி குடிப்பம். ஆனா அந்தக் கதவுக்குக் கிட்டப் போனீங்க எண்டா, சனிக்கிழமை உங்களையும் சேர்த்துத்தான் தொங்க விடுவன்."