அதிகம் கிழிந்த பத்து

திங்கட்கிழமை காலையில் பசை காய்ச்சுவது பசையக்காவின் வேலை. நூலகத்தின் பின்னறையில் மின்னடுப்பைப் போட்டு, மைதா மாவைக் கட்டி தட்டாமல் பச்சைத் தண்ணீரில் கரைத்து, பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டு, மரக்கரண்டியால் ஒரே பக்கமாகக் கிண்டுவாள். கரண்டியைத் தூக்கினால் பசை நூலாக இறங்க வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் பதம் வரவில்லை என்று அர்த்தம். வீட்டில் பால் பொங்கி வழியாத நாளில்லை, நூலகத்தில் பசை அடிப்பிடித்த நாளில்லை என்று அவள் கணவர் சொல்வார். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஏறுவதையும் இறங்குவதையும் தவிர உலகத்தில் வேறொன்றும் முக்கியமில்லை என்று நினைப்பவர்.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. பத்தாவதில் கணக்கில் தவறி, நோட்டுப்புத்தகம் தைக்கும் ஆலையில் ஏழு வருடம் ஊசி பிடித்தவள். மூன்று மாதத்துக்குத் தற்காலிகமாக என்று சொல்லித்தான் சிறுவர் நூலகத்தில் எடுத்தார்கள். அந்த மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. வருடம் இருபத்திரண்டு ஆகிறது. அவள் பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. மற்றபடி பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் அவள் பசையக்காதான்.

அவள் புத்தகம் படிப்பவள் அல்ல. படிக்கத் தெரியாமல் இல்லை, நேரமில்லாமலும் இல்லை. வைத்தியம் பார்க்கிறவன் நோயாளியோடு கதை பேசிக்கொண்டிருந்தால் வரிசை எப்படி நகரும் என்பது அவள் கட்சி. ஆனால் எந்தப் புத்தகம் எங்கே, எத்தனை முறை கிழிந்தது என்று ஒரு நீளமான பதிவேட்டில் முதல் நாளிலிருந்து எழுதிவருகிறாள். தலைப்புகள் அவள் வாயில் வராது. முதுகொடிந்த நீலம், காது மடங்கிய நரி, எண்ணெய்க் கை பட்ட துப்பறியும் கதை என்றுதான் சொல்வாள். கதைப் புத்தகங்கள் முக்கால் வாசியில் தையல் விடும், ஏனென்றால் அங்கேதான் பிள்ளைகள் சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்திருக்காமல் புத்தகத்தைக் குப்புறக் கவிழ்ப்பார்கள். விலங்குகள் பற்றிய நூல்களில் நாய்ப் பக்கம் காணாமல் போகும். விண்வெளியில் சனிக்கோள். கவிதை நூல்களுக்கு அவள் ஒருமுறைகூடக் கை வைத்ததில்லை. போட்டது போட்டபடி, புதுப்பெண் மாதிரி இருக்கும்.

அந்த நூலகம் வருடாவருடம் ஒரு கையேடு போடும். சிறுவர்களும் பதின்வயதினரும் படிக்க வேண்டிய நூறு நூல்கள், கதையும் கதையல்லாததும், வயது வாரியாக. நகரத்தில் உள்ள பள்ளிகளுக்கெல்லாம் அது போகும். கையேட்டில் இடம்பெற்ற நூலுக்குப் புதுப் படிகள் வரும். இடம்பெறாமல் கிழிந்த நூல் எடைக்குப் போகும். அதனால் பட்டியல் வரும் மாதத்தில் பசையக்கா கொஞ்சம் சிடுசிடுவென்று இருப்பாள். உட்கார்ந்து உட்கார்ந்து தைத்த உருப்படி, படித்த ஒருவர் பட்டியலில் எழுத மறந்ததால் மூட்டையில் ஏறினால் யாருக்குத்தான் பொறுக்கும்.

இந்த வருடம் புதிதாக வந்த நூலகர் அந்தப் பதிவேட்டைப் பார்த்துவிட்டார். முப்பத்துநாலு வயதுப் பெண். பசை வாடை அடிக்கும் அறையில் நின்றபடியே பத்துப் பக்கம் படித்தார். பிறகு, பன்னிரண்டிலிருந்து பதினாறு வயதுக்கான பகுதியில் பத்து நூல்களை நீங்களே சொல்லுங்கள் என்றார். கையேட்டில் உங்கள் பெயரையும் போடுகிறேன் என்றார். பசையக்கா அன்று பேருந்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டாள்.

தேர்வு அவளுக்குக் கஷ்டமாக இல்லை. அதிகம் கிழிந்தது எதுவோ அதுவே அதிகம் படிக்கப்பட்டது. பதிவேட்டைக் கூட்டிப் பார்த்து மேலிருந்து பத்தை எடுத்தாள். முதலிடம் பாலங்கள் பற்றிய ஒரு நூலுக்கு. செங்கல் கனத்தில், கெட்டி அட்டையோடு, உலகத்தில் பாலங்கள் எப்படிக் கட்டினார்கள், எப்படி இடிந்தன என்று சொல்வது. மூன்று வருடத்தில் ஒன்பது முறை அவள் மேசைக்கு வந்திருந்தது. அட்டை நடுவில் தொய்ந்துபோகும், முதுகு விட்டுப்போகும். ஆனால் உள்ளே ஒரு விரல்ரேகை இருக்காது. நல்ல வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள் போல என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அச்சேறும் முன் சரிபார்க்கும் பார்வைப் படி வந்ததும் வீட்டுக்கு ஒரு நகல் எடுத்துப் போனாள். பத்து நூல்களுக்கு மேலே அவள் பெயரும், பெயருக்குக் கீழே ‘நூல் சீரமைப்புப் பிரிவு’ என்றும் இருந்தது. அந்தப் பிரிவில் அவளைத் தவிர ஒரு மின்னடுப்பும் இரண்டு கத்தரிக்கோலும்தான் உண்டு. கணவர் அதைக் கண்ணாடி போட்டு ஒரு தடவை, கழற்றி ஒரு தடவை படித்தார். நாத்தனாருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார். பதினாலு வயது மகள் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தாள். பள்ளி விட்டதும் அம்மா வேலை முடியும்வரை நூலகத்திலேயே இருப்பவள் அவள்.

“பாலமா? இதை யாரும்மா படிச்சா?”

“ஒன்பது தடவை என் கைக்கு வந்திருக்குடி. படிக்காமலா முதுகு ஒடியும்?”

“ஏறினா ஒடியாதா?”

கணவர் தொலைபேசியைக் கீழே வைத்தார். மகள் சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டு, சாதாரணமாகச் சொன்னாள். ஜன்னலோரத்து அலமாரியின் உச்சித் தட்டு யாருக்கும் எட்டாது. முன்னே ஒரு முக்காலி இருந்தது. ஒரு பிள்ளை விழுந்ததும் அதை எடுத்துவிட்டார்கள். பாலம் புத்தகம் அதே அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது, இருப்பதிலேயே கனமானது. அதைத் தரையில் படுக்கப் போட்டு நுனிக்காலில் நின்றால் சரியாக எட்டும். ஒருத்தி ஏறுவாள், ஒருத்தி வாசலைப் பார்ப்பாள். மூன்று வருடமாக இதுதான் வழக்கம். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவரும் திறந்து பார்த்ததில்லை.

கணவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “இருபத்திரண்டு வருஷமா முதுகையே தடவிட்டிருந்தா முகம் எப்படித் தெரியும்?” என்றார்.

அவள் அவரைக் கண்டுகொள்ளவில்லை. மேல் தட்டில் அப்படி என்னதான் இருக்கிறது என்று மகளைக் கேட்டாள்.

“போய்ப் பாரேன்” என்றாள் மகள். இஸ்திரிப்பெட்டியின் சூட்டைக் கூட்டினாள்.

மறுநாள் நூலகம் திறக்கும் முன்பே பசையக்கா பின்னறை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து ஏறினாள். உச்சித் தட்டில் ஏழு நூல்கள். ஆறின் மேல் தூசி. ஒன்றின் மேல் இல்லை. வளரும் வயதில் உடம்பிலும் மனதிலும் நடப்பது பற்றி ஒரு மருத்துவர் பிள்ளைகளுக்காகவே எழுதியது. முந்தைய நூலகர் யாரோ அதை வாங்கவும் பயப்படாமல், கீழே வைக்கவும் துணியாமல் மேலே ஏற்றியிருந்தார். இரவல் சீட்டில் ஆறு வருடத்துக்கு நாலே தேதிகள். ஒரு கிழிசல் இல்லை, ஒரு மடிப்பு இல்லை, கறை இல்லை. பயந்த கைகள் புத்தகத்தைக் கிழிக்காது. இத்தனை வருட வேலையில் அந்த ஒரு சங்கதி அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஆனாலும் கை தன் வேலையைச் செய்தது. நூலை முதுகின் மேல் நிறுத்தி இரண்டு அட்டைகளையும் விட்டாள். அதிகம் திறந்த இடத்தில்தான் நூல் தானாகத் திறக்கும். அதற்குக் கிழிசல் தேவையில்லை. கேட்கக் கூச்சப்படும் கேள்விகள் என்ற பகுதியில் அது விரிந்தது. மூன்று முறை விட்டாள். மூன்று முறையும் அங்கேயே விரிந்தது.

நின்றபடியே படித்தாள். எளிமையாக, பயமுறுத்தாமல், வளவளவென்று இல்லாமல் எழுதியிருந்தது. அதில் ஒரு கேள்வி இரண்டு வருடத்துக்கு முன் மகள் அவளிடம் கேட்டது, வார்த்தைகூட மாறாமல். அன்று அவள், மாடியில் துணி காய்ந்திருக்கும், எடுத்து வா என்று அனுப்பியிருந்தாள். மகளும் போய் எடுத்து வந்து மடித்து வைத்தாள். மறுபடி கேட்கவில்லை. அதை இவள், புரிந்துகொண்டாள் போல என்று எடுத்துக்கொண்டாள்.

நூலகர் வந்ததும் அவர் அறைக்குப் போய், பாலத்தின் கதையை ஒளிக்காமல் சொன்னாள். நூலகர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மேசைமேல் இவள் வைத்த உச்சித் தட்டு நூலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“பாலம் இருந்துட்டுப் போகட்டும்க்கா. பாலத்துக்காக யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க.”

“சண்டைக்கு வர மாட்டாங்க மேடம். படிக்கவும் வர மாட்டாங்களே.”

நூலகர் கெட்டவர் அல்ல. அதை எடுத்துவிட்டு இதைப் போட அவருக்கும் விருப்பம்தான் என்பது முகத்தில் தெரிந்தது. பட்டியலை ஒப்புக்கொள்ள வேண்டிய குழுவில் மூன்று பேர்: பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், டாக்டர் ஒருவர், பெற்றோர் தரப்பில் ஒருவர். அவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று அவர் சத்தமாகவே யோசித்தார். குழுவிலுள்ள டாக்டரின் பரிந்துரையாகப் போட்டால் நிறைவேறிவிடும். டாக்டர் சொன்னால் பெற்றோர் வாய் திறக்க மாட்டார்கள். சிக்கல் வேறு.

“உங்க பேருக்குக் கீழ இந்தப் புத்தகம் இருந்தா, பசை ஒட்டறவங்க சொல்லியா எங்க பிள்ளைங்க இதைப் படிக்கணும்னு கேப்பாங்க. நான் கேக்கலக்கா, அவங்க கேப்பாங்க. அப்புறம் பத்தையும் பிடிச்சுத் தூக்கிடுவாங்க.” பார்வைப் படியை அவள் பக்கம் நகர்த்தினார். “புத்தகம் வேணும்னா பேர் கிடையாது. பேர் வேணும்னா பாலம். அச்சகத்துக்காரர் மதியம் வர்றார்.”

பசையக்கா அந்தத் தாளைப் பார்த்தாள். நாத்தனாருக்குச் சொல்லியாயிற்று, எதிர்வீட்டுக்குச் சொல்லியாயிற்று, நோட்டுப்புத்தக ஆலையில் இன்னும் வேலையில் இருக்கும் பழைய தோழிக்கும் சொல்லியாயிற்று. அவள் பெயர் முதல்முறையாக அச்சில் ஏறியிருந்த தாள் அது. எழுத்து நன்றாகத்தான் விழுந்திருந்தது.

பென்சிலை எடுத்துப் பாலத்தை அடித்தாள். அந்த இடத்தில் உச்சித் தட்டு நூலின் தலைப்பை, அட்டையைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக, பிழையில்லாமல் எழுதினாள். பிறகு நூலகரின் அடிக்கோலைக் கேட்டு வாங்கி, தன் பெயரின் மேல் வைத்து, நேராக ஒரு கோடு போட்டாள். பிரிவின் பெயருக்கும் ஒன்று. பென்சிலையும் அடிக்கோலையும் எடுத்த இடத்தில் வைத்தாள்.

“நன்றிக்கா” என்றார் நூலகர். தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அவள் எழுந்தாள். நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டு, அதன் முதுகைப் பிடித்தபடி நின்றாள்.

“பட்டியல்ல வந்துட்டா, இதைக் கீழ்த்தட்டுக்கு இறக்கிடலாம்ல மேடம்?”

நூலகர் தாள்களை அடுக்கித் தட்டிச் சமன்செய்தார். பேனாவின் மூடியைப் போட்டார். பிறகு மூடியைக் கழற்றி, தேதியிட வேண்டிய இடத்தைத் தேடுவதுபோல் தாளின் அடியைப் பார்த்தார். வாசல் பக்கம் பிள்ளைகள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. நூலகர் தலையை நிமிர்த்தவில்லை. பசையக்கா கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே போனாள்.