கிராதிக்கு இப்பால் ஞானாதிக்கம்

புரட்டாசிச் சனிக்கிழமைக்காகப் பெரிய மார்க்கெட்டில் துளசி வாங்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் ஞானாதிக்கத்தின் மகள் ரெஜினா. "பெரியப்பா, அப்பா போயிட்டாங்க. இப்பதான். ஆஸ்பத்திரிலருந்து பேசுறேன்" என்றாள். பூக்கார அம்மாள் "இன்னும் எத்தினி மொழம் சாமி?" என்று கேட்டது காதில் விழுந்தது. துளசியோடு மீன் கடைகளின் ஊடாகவே நடந்து வெளியே வந்திருக்கிறேன். அந்த வழியில் நான் ஒருநாளும் கால் வைத்ததில்லை. வீட்டு வாசலில் கால் கழுவும்போதுதான் எந்த வழியாக வந்தேன் என்பதே தெரிந்தது.

முதலியார்பேட்டையில் அவரை அறியாதவர் குறைவு. ஆறு மாதம் பிரான்சு, ஆறு மாதம் இங்கே என்று வாழ்ந்தவர். எந்த வீட்டிலும் அவர் பெட்டி முழுதாகப் பிரிக்கப்பட்டதில்லை. கலியாணங்களில் பந்தி முடியும்வரை வாசற்படி ஓரம் நிற்பார். உட்காரச் சொன்னால், "உக்காந்தா வயசாயிடும்பா" என்பார். இங்கே தேர்தல் முடிந்த மறுநாள் என் விரலைப் பிடித்துப் பார்த்து, "உனக்கு மை வைக்கிறாங்க, எங்களுக்கு அதுகூட இல்ல" என்று குறைப்படுவார். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியத்துடன் திரும்பியவர்களை நம் ஊரில் சொல்தா என்போம். அவர் தந்தை அத்தகையவர். ஊர் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவுக்கு மாறியபோது பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்று எழுதிக் கொடுத்தார். எதிர்ச்சாரியில் இருந்த என் தந்தை எழுதிக் கொடுக்கவில்லை. ஒரே தெருவில் பிறந்த நாங்கள் இருவரும் இரு தேசத்தாராக வளர்ந்தது இப்படித்தான்.

கல்லூரி முடிக்கும் தறுவாயில், மாணவர் பரிமாற்ற ஏற்பாட்டில், இருவரும் ஓராண்டு பிரான்சில் படிக்கச் சென்றோம். அங்கிருந்த அலுவலகத்தில் என்னைப் பதிந்துகொள்வதில் சிக்கலில்லை. அவரைத்தான் எந்த வரிசையில் நிறுத்துவதென்று அவர்களுக்கு விளங்கவில்லை. பிரெஞ்சுக்காரர் எப்படி வெளிநாட்டு மாணவராக வர முடியும் என்று கேட்டார்கள். "நானும் அதத்தான் எங்கப்பாவ கேட்டுக்கினு இருக்கிறேன்" என்று தமிழில் என்னிடம் சொல்லிவிட்டு, மேசைக்குப் பின்னிருந்த அம்மாளிடம் மிகப் பணிவாகத் தலையாட்டினார்.

அந்த வசந்தத்தில் பல தேசத்து மாணவர்களையும் ஒரு பேருந்தில் ஏற்றிச் சுவிட்சர்லாந்தில் ஏரிக்கரை நகரமொன்றைக் காட்ட அழைத்துச் சென்றார்கள். மற்றவர்களுக்கு ஏரியும் பனிமலையும். ஞானாதிக்கத்துக்கு அவர் அக்காள். அந்நகரத்தில் ஒரு கன்னியர் மடம் இருந்தது. உள்ளே சென்றவர் வெளியே வருவதில்லை. உறவினரையும் இரும்புக் கிராதிக்குப் பின்னிருந்தே, அதுவும் அபூர்வமாகவே காண்பார்கள். அவர் அக்காள் அன்று காலை துறவறத்துக்கான இறுதி வார்த்தைப்பாடு எடுத்துக்கொண்டார். அன்று மட்டும் பிற்பகல் மூன்று மணிவரை குடும்பத்தார் கிட்ட இருந்து பார்க்கலாம். குடும்பத்தில் அந்தக் கண்டத்தில் இருந்தவர் தம்பி ஒருவரே. "ஒரு வாட்டி கிட்டத்துல பாத்துட்டு வந்து எங்கிட்ட சொல்லுடா" என்று தாயார் சொல்லி அனுப்பியிருந்தார்.

எல்லையில் பேருந்தை நிறுத்தினார்கள். அனுமதி முத்திரை பெற்றிருந்த என்னைப் பற்றி யாருக்கும் ஐயமில்லை. ஆனால் இரண்டு கடவுச்சீட்டுகளிலும் பிறந்த ஊர் ஒன்றாக இருப்பதை ஓர் இளம் அதிகாரி கவனித்துவிட்டார். ஒன்று இந்தியருடையது, மற்றது பிரெஞ்சுக்காரருடையது. முகங்களோ ஒரே சாயல். ஞானாதிக்கம் உற்சாகமாக, ஊர் மட்டுமில்லை, தெருவும் ஒன்றுதான் என்றார். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு போலி என்ற அதிகாரியின் ஐயம் உறுதியாயிற்று. இந்தியனை விட்டுவிட்டுப் பிரெஞ்சுக் குடிமகனைப் பிடித்துக்கொண்டார்கள். நான் சாட்சியாக உடன் இறங்கினேன்.

எங்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: உங்கள் தெருமுனையில் என்ன இருக்கிறது? நான் ஆஞ்சநேயர் கோயில் என்றேன். அவர் சாராயக்கடை என்றார். பதில்கள் பொருந்தவில்லை. ஒருவர் பொய்யர் என்று முடிவாயிற்று. வெளியே பேருந்தில் பொறுமை தீர்ந்துகொண்டிருந்தது. எங்களை அழைத்து வந்த ஆசிரியை இருமுறை உள்ளே வந்து பார்த்தார். பிறகு, ரயிலில் வந்து மாலைக்குள் சேர்ந்துகொள்ளும்படி சொல்லிவிட்டுப் புறப்பட்டுப் போனார். சுவருக்கு அப்பால் ஞானாதிக்கம் நடக்கும் ஓசை நிற்கவேயில்லை.

இருவரையும் நேருக்கு நேர் நிறுத்தினார்கள். ஞானாதிக்கம் என்னைப் பார்த்துத் தமிழில், "யோவ் சாமி, கோயிலக் காட்டி என்ன களவாணியா ஆக்கிட்டியே. கோயிலுக்கு எதுத்தாப்ல என்னா இருக்குது, சொல்லுயா" என்றார். அங்கே மதுக்கடை உண்டா என்று அதிகாரி என்னைக் கேட்டார். உண்டு என்றேன். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றார். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை என்றேன். உடனே ஞானாதிக்கம், தான் அந்தப் பக்கம் மட்டுமே பார்ப்பதாகப் பிரெஞ்சில் சொன்னார். மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்த மூத்த அதிகாரி சிரித்துவிட்டார். கடவுச்சீட்டுகளைத் தள்ளிக் கொடுத்தார். அப்போதே மணி இரண்டைத் தாண்டியிருந்தது.

ரயிலில் அவர் உட்காரவில்லை. பெட்டியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தபடியே இருந்தார். பயணிகள் பார்க்கிறார்கள் என்று கையைப் பிடித்தேன். "உட்றா, நான் நடந்தா வண்டி சீக்கிரம் போவும்" என்றார். அவர் கண்கள் நிலையத்துக் கடிகாரங்களைத் தேடிக்கொண்டிருந்தன. நான் மனத்துக்குள் திருநாமம் சொல்ல முயன்றேன். பாதியில் அறுந்து அறுந்து போயிற்று.

மடத்தின் கதவை அடைந்தபோது நான்கு மணியாகிவிட்டது. சிறு துவாரத்தைத் திறந்து பேசிய மூத்த கன்னியாஸ்திரி, நேரம் கடந்துவிட்டதென்றும், புதிய சகோதரி மௌனம் ஏற்றுவிட்டாரென்றும், மாலைச் செபத்துக்கு ஆலயத்தில் யாரும் அமரலாம் என்றும் சொன்னார். ஞானாதிக்கம் மறுபடி மணியை அடித்தார். மறுபடி அதே பதில். மூன்றாம் முறை அடித்தபோது துவாரம் திறக்கவேயில்லை.

ஆலயத்தில் பலிபீடத்தின் பக்கவாட்டில் கிராதி. அதன் பின் கறுப்புத் திரை. கோயிலில் திரை போட்டிருக்கும் வேளையில் உள்ளே திருமஞ்சனம் நடப்பதை நீரோசையால் மட்டும் அறிந்து நிற்போம் அல்லவா? அந்தப் பழக்கத்தால் எனக்கு அந்த இடம் அந்நியமாகத் தோன்றவில்லை. அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. முழங்காலில் நின்றார், எழுந்தார், தூணுக்குப் போனார், திரும்பினார். உள்ளிருந்து பெண்குரல்கள் எழுந்தன. இருபது பேர் இருக்கலாம்; எல்லாம் ஒரே குரல்போல. அவர் என் தோளை அழுத்தி, "அதுல அக்கா இருக்கிறா" என்றார்.

ஒரு மன்றாட்டின் முடிவில் அந்த நாட்டு முறைப்படி எல்லாரும் சுருக்கமாக 'ஆமென்' சொல்லி முடித்துவிட்டார்கள். அதன்பிறகு, தனியாக, நம் ஊர்க் கிறிஸ்துவக் கோயில்களில் பெண்கள் இழுத்துப் பாடும் ராகத்தில், ஞானாதிக்கம் நீளமாக 'ஆமென்' என்றார். முன்வரிசைக் கிழவர் திரும்பிப் பார்த்தார். உள்ளே அடுத்த அடி தொடங்கிவிட்டது. தொடங்கிய அக்குரல்களில் ஒன்று இல்லை. நான்கைந்து சொல் அளவுக்கு இல்லை. பிறகு இருந்தது. அல்லது, பாடுகிறவர் யாரோ மூச்சு வாங்கியிருக்கலாம்.

திரும்பும் பேருந்தில் அவர் கேட்டார்: "அக்கா நிறுத்துனாளா, இல்லியா?" அந்தக் கேள்வி அன்று தொடங்கியது. தாயாரிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. பிற்பாடு பிரான்சிலேயே வேலை கிடைத்துக் குடியேறிய பின், அனுமதி பெற்று அக்காளைக் கிராதி வழியே கண்டார். அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். அந்த அம்மையார் சிரித்து, "செபத்துல வேற சத்தம் காதுல விழக்கூடாதுடா" என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போதெல்லாம் ஞானாதிக்கம், அபூர்வமாக உட்கார்ந்திருந்தாலும், எழுந்துவிடுவார். "விழக்கூடாதுன்னா என்னா அர்த்தம்? விழுந்துச்சா, விழலையா?" அக்காள் சில ஆண்டுகளுக்கு முன் மடத்திலேயே காலமானார். கேட்பதற்கு அதன்பின் நான் மட்டும்தான் மிச்சம்.

ஞானாதிக்கம் இறப்பதற்கு முந்தைய வாரம் அவரை மருத்துவமனையில் பார்த்தேன். கட்டிலில் கிடத்தியிருந்தார்கள், போர்வைக்குள் கால்கள் அசைந்துகொண்டே இருந்தன. அதே கேள்வியைக் கேட்டார். நான் வழக்கம்போல, "ஒரு கொரல் கொறஞ்சுது ஞானு. யாரோடதுன்னு எனக்குத் தெரியாது" என்றேன். சாகக் கிடப்பவருக்கு ஒரு சொல் சேர்த்துச் சொன்னால் என்ன என்று அறையிலிருந்த ரெஜினா என்னைப் பார்த்தாள். அவரோ, "அக்காதான்னு நீ சொல்லிட்டா நான் கேக்குறத உட்டுருவேன். நீ சொல்ல மாட்ட. அதனாலதான் உங்கிட்டயே கேட்டுக்கினு இருக்கிறேன்" என்றார்.

அடக்கத்தன்று குருவானவர் அவருக்கு நிலையான இளைப்பாறுதலை வேண்டினார். நல்ல வேண்டுதல்தான். ஆனால் குழியருகே நின்ற நான், பெருமாளே, இவரை உட்காரச் சொல்லிவிடாதே என்றுதான் கேட்டேன்.

எனக்கு அவரிடமிருந்து வந்து சேர்ந்தது ஒன்று உண்டு. கோயிலில் கோஷ்டியோடு பாசுரம் சேவிக்கும்போது முன்பெல்லாம் என் குரல் எது, பிறர் குரல் எது என்று எனக்குத் தெரியாது. அதுவே சுகம் என்றிருந்தேன். இப்போது வாய் அடிபிறழாமல் சொல்லிக்கொண்டு போகிறது. காது மட்டும் ஒவ்வோர் அடியிலும், யார் நிறுத்தினார்கள், யார் நிறுத்தினார்கள் என்று அலைகிறது. அந்தக் காதை அடக்கச் சொல்லி நான் யாரிடமும் வேண்டப்போவதில்லை.