காதர் பாயின் குழாயும் ஜெசிந்தா மேடத்தின் கைராசியும்

ஸ்கேன் டாக்டர் மருந்து எழுதமாட்டான், ஊசி போடமாட்டான், கத்தியும் எடுக்கமாட்டான். இருட்டறையில் உட்கார்ந்து கண்ணில் பட்டதைச் சொல்வான், சொன்னதற்கு வாங்கிக் கட்டிக்கொள்வான். நாகர்கோவிலில் ஒரு ஸ்கேன் சென்டரில் பல வருஷமாக இதுதான் என் பிழைப்பு.

உங்களுக்கும் ஏதாவது ஒரு வேலை இருக்கும். அங்கே உங்களுக்குப் பிறகு வந்து சேர்ந்து, உங்களைவிட நல்ல பேர் வாங்கிய ஒருவர் பக்கத்து அறையில் இருப்பார். அவரைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே உள்ளே புகைந்திருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பொறாமையே படாத உத்தமர்கள் வேறு பக்கம் புரட்டிக்கொள்ளலாம்.

கல்லைத் தேடி வந்தவர்

குளச்சலில் வலையும் கயிறும் விற்கும் கடை வைத்திருப்பவர் காதர் பாய். இடுப்பில் அகலமான பச்சை பெல்ட், சட்டைப்பையில் பீடிக்கட்டு. சிறுநீரகத்தில் கல் இருக்கிறதா என்று பார்க்க வந்தார். கல் இல்லை. ஆனால் வயிற்றின் நடுவே இறங்கும் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் புடைத்திருந்தது. இரண்டு சென்டிமீட்டர் அகலம் இருக்கவேண்டிய குழாய், நாலு புள்ளி மூன்று இருந்தது.

இதை மிரட்டாமல் சொல்வது பெரிய பாடு. சின்ன வீக்கம்தான், இந்த அளவில் வெடிக்கும் ஆபத்து மிகக் குறைவு, ஐந்தரையைத் தொட்டால்தான் பெரும்பாலும் ஆபரேஷனைப் பற்றி யோசிப்பார்கள், அதுவரை வருஷா வருஷம் அளந்து பார்த்தால் போதும், பீடி மட்டும் கூடவே கூடாது, அதுதான் வீக்கத்தை வளர்க்கும், திடீரென்று வயிற்றிலோ முதுகிலோ கடுமையான வலி வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னேன். வெடிப்பதை எங்கள் பக்கத்தில் பொட்டுவது என்பார்கள். பாய் வயிற்றில் இருந்த ஜெல்லைத் துடைத்துக்கொண்டே என்னைக் கூர்ந்து பார்த்தார்.

“இப்பம் பொட்டாதுன்னு சொல்லுதியளா சாரே, இல்ல, பொட்டவே பொட்டாதுன்னு சொல்லுதியளா? ரெண்டுல ஒண்ண நேரா சொல்லுங்க.”

வெந்நீரில் குளித்த பாட்டில்

அதற்குச் சில மாதங்கள் கழித்து டாக்டர் ஜெசிந்தா எங்கள் சென்டரில் சேர்ந்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். கெட்டிக்காரி என்பதை ஒத்துக்கொள்கிறேன், ஒத்துக்கொள்ளும்போது தொண்டையில் மீன்முள் மாட்டியதுபோல இருக்கிறது. வந்த வாரமே ஒரு காரியம் செய்தார். வயிற்றில் சில்லென்று தடவும் ஜெல் பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிற்கவைத்துச் சூடாக்கினார். அவ்வளவுதான். ஊரே அவர் பக்கம் சாய்ந்துவிட்டது.

என் அறை காலியாக இருக்கும்போதும் ஆட்கள் அவர் அறை வாசலில் காத்திருந்தார்கள். நானும் மறுவாரம் யாருக்கும் தெரியாமல் ஒரு சின்ன பிளாஸ்க் வாங்கி வந்தேன். ஜெல் அதிகமாகச் சூடாகி ஒருவர் துள்ளிக் குதித்ததில் அந்த முயற்சி முடிந்தது. அஞ்சுகிராமத்திலிருந்து பித்தப்பை பார்க்க வரும் அக்கா ஒருவரிடம், நானும் அதே மெஷினில்தான் பார்க்கிறேன், என்னிடம் வந்தால் என்ன என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். அவர் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் பதில் சொன்னார்.

“மேடம் பாத்தா சுகமா உறக்கம் வருது. நீங்க பாத்தா ஐஸ்பெட்டியில கெடக்க மீனு மாதிரி இருக்கு சார்.”

வடிந்துவிட்டது

காதர் பாய்க்கு வருஷப் பரிசோதனை வந்தது. அன்று பார்த்து நான் களியக்காவிளையில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தேன். ஜெசிந்தா பார்த்தார். நாலு புள்ளி இரண்டு என்று ரிப்போர்ட் எழுதி, “கூடலை, அடுத்த வருஷமும் வாங்க, பீடி வேண்டாம்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பாயின் காதில் அந்தப் புள்ளி இரண்டு மட்டுமே விழுந்திருக்கிறது. போன வருஷத்துப் புள்ளி மூன்று இப்போது புள்ளி இரண்டாகிவிட்டது, ஆகவே வீக்கம் வடிகிறது.

அடுத்த வாரம் ஒரு பை நிறைய நெய்மீனோடு வந்தார். பை நேராக ஜெசிந்தாவின் அறைக்குப் போனது. எனக்கு வாசனை மட்டும் வந்தது. திரும்பும் வழியில் என் வாசலில் நின்று, வீக்கம் வடிந்த ரகசியத்தைச் சொன்னார். பச்சை பெல்ட்டை இரண்டு ஓட்டை இறுக்கிப் போட்டிருக்கிறாராம். அமுக்கிப் பிடித்தால் குழாய் புடைக்காதாம். குழாய் முதுகெலும்பை ஒட்டி ஆழத்தில் இருக்கிறது, பெல்ட் அங்கே எட்டாது என்றேன். பாய் அதைக் காதில் வாங்கவில்லை. சட்டைப்பையில் பீடிக்கட்டு திரும்பக் குடியேறியிருந்தது. இனி ஸ்கேனும் தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

“பெல்ட்டு பாதி, மேடத்துக்க கைராசி பாதி. நீங்க பாத்தா வீங்குது, அவிய பாத்தா வடியுது. வேற என்ன சொல்ல?”

சந்தோஷம் என்றால் சந்தோஷம்

இந்த வீக்கம் தானாக வடியாது. அன்று மாலை இரண்டு படங்களையும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விஷயம் உடனே புரிந்தது. குழாய்க்குச் சுவர் உண்டு. நான் வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை அளப்பவன். ஜெசிந்தா படித்த இடத்தில் உட்சுவரிலிருந்து உட்சுவர் வரை அளக்கப் பழக்கியிருக்கிறார்கள். இரண்டும் நடைமுறையில் உள்ள முறைகள்தான். ஆனால் ஒன்றை மற்றதோடு ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும். எந்தச் சுவர் என்று ரிப்போர்ட்டில் எழுதும் வழக்கம் எங்கள் சென்டரில் கிடையாது. என் முறையில் அளந்தால் அது இப்போது நாலு புள்ளி ஆறு. வடியவில்லை, வளர்ந்திருக்கிறது.

முதலில் எனக்கு வந்தது கவலை இல்லை. சந்தோஷம். ஜெசிந்தாவின் கைராசி பொய் என்பதில் அப்படி ஒரு சந்தோஷம். பாயின் நினைப்பு பிறகுதான் வந்தது. அந்த மனுஷன் பீடியை ஊதிக்கொண்டு, ஸ்கேன் பக்கமே வராமல் இருந்தால், குழாய் யாரும் பார்க்காமலேயே பெருத்துக்கொண்டு போகும். உடனே போன் செய்தேன். அளவு தப்பாக ஒப்பிடப்பட்டுவிட்டது, உண்மையில் நாலு புள்ளி ஆறு, நாளைக்கே வாருங்கள் என்றேன். என் குரலில் இருந்த உற்சாகத்தை அவர் கண்டுபிடித்துவிட்டார். என் பொறாமையைக் கண்டுபிடிக்க அவருக்கு மெஷின் தேவைப்படவில்லை.

“மேடத்துக்க மேல உங்களுக்கு அசூயை சாரே. அதுக்கு ஏன் எனக்க வயித்த வீங்க வைக்கிய?”

போனை வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அவர் மனைவி ஆமினாவைக் கூப்பிட்டேன். “மேடம் சொன்னா கூட்டிட்டு வாறேன் சார்” என்றார். எனக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. பொறாமைப்படுவதும் உண்மை, வீக்கம் வளர்வதும் உண்மை. இரண்டும் ஒரே ஆளின் வாயிலிருந்து வந்தால் இரண்டாவதை யார் நம்புவார்கள்?

பக்கத்து அறை

பக்கத்து அறைக்கு நானே போகவேண்டியதாயிற்று. படங்களைக் காட்டினேன். அவர் மறுத்துப் பேசுவார், நாலு வார்த்தை சண்டை போடலாம் என்று ஆசையாக இருந்தது. அதற்கும் கொடுத்துவைக்கவில்லை. ஒரு நிமிஷம் பார்த்தார். “ஆமா சார், பழைய படத்தை எடுத்து நான் பார்த்திருக்கணும். இனி நம்ம ரெண்டு பேரும் உங்க முறையிலேயே அளப்போம், ரிப்போர்ட்லயும் அதை எழுதிருவோம்” என்றார். தப்பை இவ்வளவு அழகாக ஒத்துக்கொள்பவர்மேல் வரும் கோபம் இருக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அவர் ஒரே ஒரு போன் செய்தார். மறுநாள் காலையில் ஆமினாவோடு பாய் வந்து நின்றார். ஜெசிந்தா வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை அளந்தார். நாலு புள்ளி ஆறு. போன தடவை குறைவாகத் தெரிந்தது தன் அளவு முறையால்தான் என்று பாயிடமே சொன்னார். ரத்தக்குழாய் சர்ஜனைப் பார்க்கச் சொன்னார், இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் என்றார். பாய் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பீடிக்கட்டை எடுத்து ஆமினாவின் கையில் கொடுத்தார். ஆமினா அதை எங்கள் குப்பைக்கூடையில் போட்டு, மேலே ஜெல் துடைத்த காகிதங்களையும் போட்டு மூடினார்.

நான் ஒரு வருஷத்துக்கு முன்னால் சொன்ன அதே பீடி. நேற்றுப் போனில் சொன்ன அதே அளவு. கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் பிழைத்துக்கொள்வார் என்ற நிம்மதி இருந்தது. அது என்னால் என்று ஒருவருக்கும் தெரியாதே என்ற எரிச்சலும் இருந்தது. வெளியே வந்த பாய் என் தோளில் கைவைத்து, ரொம்பப் பிரியமாகச் சொன்னார்.

“மேடம் எப்படி அளக்காவன்னு பாத்தியளா சாரே? பக்கத்துல இருந்து நீங்களும் கொஞ்சம் படிச்சுக்கிடுங்க.”

இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: வீக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரு டாக்டர் போதும், அதை நம்பவைக்க அந்த டாக்டருக்குக் கொஞ்சமும் பிடிக்காத இன்னொரு டாக்டர் வேண்டியிருக்கிறது.