‘ஆமாம்’ என்று எழுதிய படிவம்

எழுபத்தெட்டில் என் தங்கைக்குத் திண்டிவனத்தில் பிள்ளை பிறந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்க ஒரு பாட்டில் பிராந்தி வாங்கி, புடவையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு பாண்டிச்சேரியில் பஸ் ஏறினேன். எங்கள் ஊரில் கடையில் அடுக்கி வைத்து விற்கிற சாமான் அது. கோரிமேட்டைத் தாண்டினால் தமிழ்நாடு, அங்கே மதுவிலக்கு. செக்போஸ்ட்டில் பையைக் கொட்டிப் பார்த்து என்னைக் கீழே இறக்கினார்கள்.

கோர்ட்டில் ஒரு வக்கீல் குமாஸ்தா காதருகே வந்து, “ஒத்துக்கிறேன்னு சொல்லிடும்மா. அபராதத்தோட போயிடும். இல்லன்னா வாய்தா வாய்தான்னு அலையணும்” என்றார். சொன்னேன், கட்டினேன், வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டேன். விட்டது சனியன் என்று நினைத்தேன் பாருங்கள், என் புத்தியை எதால் அடிப்பது!

ஒன்பது வருஷம் கழித்து என் ஒரே மகள் பாரீசிலிருந்து கடிதம் போட்டாள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பையனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தேன். நாலு மாசம் முழுகாமல் இருக்கிறாள். மாமியார் இல்லை, மாப்பிள்ளைக்கு ஷிப்டு வேலை. ‘பிரசவத்துக்கு நீ பக்கத்துல இருக்கணும்மா, பயமா இருக்கு’ என்று எழுதியிருந்தாள்.

பாஸ்போர்ட்டுக்கு டைப் அடிக்கிறவரிடம் போனேன். படிவத்தில் ஒரு கேள்வி: கோர்ட்டில் எப்போதாவது தண்டனை பெற்றதுண்டா?

“இல்லன்னு போட்டுடறேன்” என்றார் அவர்.

“ஆமான்னு போடுங்க. பொய் சொல்லிட்டுப் போயி, எவனாவது ஏர்போர்ட்டுல புடிச்சி வெச்சிட்டா என் பொண்ணு யாருகிட்ட போவா?”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அப்படியே டைப் அடித்தார்.

விசாரணைக்கு வந்த போலீஸ்காரன் நேராக என் வீட்டுக்கு வரவில்லை. தெருமுனையில் நின்று, “சாராயக் கேசு அம்மா வூடு எது?” என்று ஊருக்கே கேட்கும்படி விசாரித்தான். அடப்பாவி! இருபது வருஷமாக அந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடந்தவள் நான். தீர்ப்பு நகல் வேண்டும் என்றான். கோர்ட்டுக்குப் போனால் பழைய கட்டைத் தேட வேண்டும், அடுத்த வாரம் வா என்றார்கள். அடுத்த வாரம் போனால் தேடுகிறவர் லீவு. நகலோடு வந்தால் அதைச் சேர்க்க வேண்டிய ஃபைல் வேறெங்கோ போயிருந்தது. நான் பஸ்ஸில் அலைந்த நாட்களில் அங்கே அவளுக்கு மாசம் ஏறிக்கொண்டே போனது. வயிறு எரிந்தது எனக்கு. இன்றைக்கும் எரிகிறது.

தந்தி வந்தது. பெண் குழந்தை, இருவரும் நலம். கையில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

அதற்கும் பிறகுதான் ஓர் அதிகாரி என் ஃபைலை முழுசாகப் படித்தார். “வெறும் அபராதம்தானேம்மா? இதுக்கு பாஸ்போர்ட் குடுக்கக் கூடாதுன்னு சட்டமே கெடையாதே. எதுக்கு இவ்ளோ நாளு?”

“அதத்தாங்க நானும் கேக்கறேன்!” என்று கத்தினேன். ஆபீசே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

பாரீசு விமான நிலையத்தில் ஒருவன் என் முகத்தைப் பார்த்தான், விசாவைப் பார்த்தான், முத்திரை குத்தினான். ஒரு கேள்வி இல்லை. இதற்கா ஒன்பது மாசம்?

மகள் வீட்டில் பேத்திக்கு நாலு மாசம் முடிந்திருந்தது. தூக்கப் போனேன், புது ஆள் என்று வீறிட்டு அழுதது. மகள் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். மெலிந்து போயிருந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தனியாக டாக்சியில் போனதையும், வலியில் அம்மா அம்மா என்று கத்தியபோது நர்சு ஒன்றும் புரியாமல் சிரித்ததையும் சொன்னாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

“இல்லன்னு எழுதியிருந்தா அப்பவே வந்திருப்பியாம்மா?”

“வந்திருப்பேன்” என்றேன். அவளிடமும் எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.