சித்திரவேல் மாமாவின் வலைக்கு முன்னால் நின்றவன்

கோல்காப்பாளன் வேலையில் ஒரு அநியாயம் உண்டு: தடுத்த பந்துகளைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், விட்ட ஒன்றை மட்டும் சாகும்வரை சொல்லிக் காட்டுவார்கள். நீங்களும் அந்தக் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் என்றால் என் வயிற்றெரிச்சல் புரியும்.

இறால் வந்த நாள்

எங்கள் கல்லூரிக் கோலுக்குச் சொந்த வலை கிடையாது. ஆட்டம் என்றால் சித்திரவேல் மாமாவின் மீன்வலையைத்தான் கட்டுவோம். எனக்கு முன்னால் நின்று பந்தை மறிக்கும் தயாளனின் அப்பா அவர். மட்டக்களப்பு வாவியில், எங்கள் வாய்க்கு அது ஆறு, தோணி வைத்திருந்தார்.

ஒருமுறை நல்ல மழைக்குப் பிறகு, இறுதியாட்டத்தின் நடுவிலேயே வந்து வலையை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். நடுவர் விசில் ஊதிக் களைத்துப்போனார். தயாளனுக்கு வெட்கம் தாங்கவில்லை. மாமா என்னிடம் சொன்னார்: "ஆத்தில இறால் வந்திற்று மனே. கோல நாளைக்கும் தடுக்கலாம், இறால் நாளைக்கு நிக்குமா?"

தண்ணீர் படாத வலை

சுனாமியில் தயாளன் போய்விட்டான். மாமாவின் வீடும் தோணியும் போயின. மைதானத்திலிருந்த அகதிக் கூடாரங்களைக் கழற்றிய பிறகு முதல் ஆட்டம் வைத்தோம். தயாளனின் இடத்தில் வேறொருவன் நின்றான். எனக்கு அழுகை அடங்கவில்லை.

அப்போது மாமா வந்தார். நிவாரணத்தில் கிடைத்த புது வலையைக் கோலில் கட்டினார். நிவாரணத் தோணியும் கரையில் கவிழ்ந்தே கிடப்பது எல்லோருக்கும் தெரியும். "தொழிலுக்குப் போகல்லையா மாமா?" என்று கேட்டேன். "தண்ணியப் பாக்கவே ஏலாமக் கிடக்கு மனே. ஏலும்வரைக்கும் இது பந்தையாவது புடிக்கட்டும்."

பலகையில் பெயர்

மாமா வயல் வேலைக்குப் போனார். ஆட்டங்களுக்கு வலை மட்டும் தவறாமல் வந்தது. பந்து கிழித்த இடத்தை அங்கேயே குந்தியிருந்து பின்னிவிடுவார். இந்த மனுஷன் இனி ஆற்றில் இறங்கவே மாட்டாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

யுத்தமும் முடிந்தது. சில வருடங்கள் கழித்து, கல்லூரியின் புகழ்பூத்த வீரர்கள் பலகையில் என் பெயரை எழுதினார்கள். மாலை, பேச்சு, பிறகு பழைய மாணவர் ஆட்டம். பாதியில் திரும்பிப் பார்த்தால் மாமா வலையை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். கல்லூரி அதிபர் பதறி ஓடிவந்தார். "விடுங்க சேர், அவர் கொண்டு போகட்டும்" என்று குறுக்கே நின்றேன். மாமா வலையைத் தோளில் போட்டுக்கொண்டார். "உன்ட பேர் பலகையில ஏறிற்றுதானே மனே. நான் போறன், ஆத்தில இறால் வந்திரிக்கு."

அன்றைக்கு வெறுங்கோலில் நான் விட்ட பந்துகளை ஊர் இன்னும் சொல்லிக் காட்டுகிறது, என் வாழ்க்கையில் சந்தோஷமாக விட்ட கோல்கள் அவை மட்டும்தான்.