மகாராணிக்குப் பதிலாக வந்தவரோடு பூந்தமல்லி வரை

எஸ்தர், சாமு, போன சனிக்கிழமை நம் குவார்ட்டர்ஸ் வாசலில் ஆட்டோ ஏறிய வெள்ளைக்காரர் ராஜாவா என்று இருவரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ராஜா இல்லை. ஆனால் அவர் யார் என்பதை ஒரு வரியில் சொல்ல முடியவில்லை. அதனால் போய்வந்ததை எழுதி வைக்கிறேன். இப்போது புரியாவிட்டால் பிறகு படித்துக்கொள்ளுங்கள்.

காலை எட்டரை மணிக்குக் கிளம்பினோம். அவர் பெயர் ஹென்றி. பூந்தமல்லியில் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த காலத்தில் அவருடைய தாத்தா அங்கே காய்ச்சலில் செத்துப்போனாராம். அந்தக் கல்லறையைப் பார்க்க வந்திருந்தார். ஃபேக்டரியில் பேசிப் பழகிய அரைகுறை இங்கிலீஷ் எனக்கு இருப்பதால், நம் சபைப் போதகர் ஐயர் என்னைத் துணைக்கு அனுப்பினார்.

ஆவடியிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் இருக்கும். அவருக்கு முட்டி வலி என்பதால் பஸ் வேண்டாம் என்று, கோவில்பதாகை முனுசாமியின் ஆட்டோவைப் போக வர எண்பது ரூபாய்க்குப் பேசினேன். பருத்திப்பட்டு தாண்டுவதற்குள் ஹென்றி தன் வேலையைச் சொன்னார். அவர்கள் நாட்டில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மகாராணியின் பிரதிநிதி ஒருவர் உண்டு. மகாராணி போக முடியாத இடத்துக்கு அந்தப் பிரதிநிதி போவார். ஹென்றி அப்படி ஒருவர். வரி, ரோடு, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் வேறு மன்றங்கள் பார்க்கின்றன. அவற்றின் எல்லைகளும் வேறு. இவருடைய மாவட்டம் மரியாதைக்காக மட்டும் வைத்திருக்கிற மாவட்டம்.

எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை. ஊருக்குப் போனால் நாமும் மெட்ராஸ்காரர் என்றுதான் சொல்கிறோம். ஆனால் ரேஷன் கார்டில் செங்கல்பட்டு மாவட்டம் என்று இருக்கிறது.

முனுசாமிதான் திரும்பிப் பார்த்துக் கேட்டார். “இன்னா சார், பெரிய ஆளா?”

“அவங்க ஜில்லாவுல மகாராணிக்குப் பதிலாப் போறவரு” என்றேன்.

“அப்ப கலெக்டருனு சொல்லு. நானும் கொஞ்சம் மெதுவா ஓட்டுறேன்.”

காடுவெட்டி, சென்னீர்குப்பம் வழியாகப் பூந்தமல்லி சேரும்போது ஒன்பதே கால். கல்லறைத் தோட்டத்தில் வேப்பமரங்களும் உடைந்த சிலுவைகளும் நிறைய. ஹென்றியின் தாத்தாவுடைய கல் சாய்ந்திருந்தாலும் எழுத்து தெரிந்தது. சுற்றிலும் புல் செதுக்கியிருந்தது. அவர் தொப்பியைக் கழற்றி நின்றார். நான் தள்ளி நின்றேன்.

நாங்கள் திரும்பி வருவதற்குள், மகாராணியின் கலெக்டர் வந்திருக்கிறார் என்று முனுசாமி கேட்டருகே சொல்லிவிட்டிருந்தார். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் சாந்தம்மா, ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி எதிரே வந்தார். கேட்டை ஒட்டிய ஓட்டு வீட்டில் இருக்கிறார். கணவர் இதே வேலை பார்த்தவர். போன வருஷம் இறந்துவிட்டார். வீட்டைக் காலி செய்யச் சொல்லலாமா என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பூந்தமல்லி சபைக் கமிட்டி கூடி முடிவெடுக்கப் போகிறதாம். இது வெள்ளைக்காரன் காலத்து நிலம், அதனால் மகாராணியின் கலெக்டர் ஒரு வார்த்தை சொன்னால் எடுபடும் என்பது அவர் நினைப்பு.

மொழிபெயர்த்தேன். ஹென்றிக்கு முகம் சிவந்துவிட்டது. தனக்கு எந்த அதிகாரமும் இல்லை, சொந்த மாவட்டத்திலேயே இல்லை என்றார். அதையும் சொன்னேன்.

“ஒண்ணியுமே இல்லியா?” என்றார் சாந்தம்மா. “அப்ப இன்னாத்துக்குண்ணே அந்த உத்தியோகம்?”

இதை மொழிபெயர்க்கக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். ஹென்றி கோபப்படவில்லை. யாருக்காவது நூறு வயது ஆனால் போய் நிற்பாராம். யாராவது கடமையில் செத்தால் அந்த வீட்டுக்குப் போய் நிற்பாராம். “உங்களை யாரோ நினைக்கிறார்கள் என்று காட்டப் போகிறேன். அவ்வளவுதான்” என்றார்.

சாந்தம்மா கொஞ்சம் யோசித்தார். “அப்ப ஞாயித்துக்கெயம வந்து நிக்கச் சொல்லு. பேசவே வாணாம்.”

ஞாயிறு காலை ஹென்றிக்கு விமானம். அதோடு தன் மாவட்ட எல்லையைத் தாண்டினால் தான் வெறும் ஹென்றிதான் என்றார். பிறகு சாந்தம்மாவிடம் தலை குனிந்து வணங்கினார். அந்த வணக்கத்தில் குறை எதுவும் இல்லை. சாந்தம்மா கேட்டைத் திறந்துவிட்டார்.

திரும்பும் வழியில் முனுசாமி, “நம்ம கலெக்டரு திட்டியாவது அனுப்புவாரு சார்” என்றார். பதினொன்றரைக்கு ஆவடி வந்துவிட்டோம். முனுசாமிக்குச் சொன்னதைச் செய்யும் கலெக்டர் வேண்டும். சாந்தம்மா கேட்டது அதைவிடச் சின்னது என்று எனக்குப் பட்டது.

மறுநாள் நம் சபை ஆராதனை முடிந்ததும் உங்களை அம்மாவோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நான் மட்டும் பூந்தமல்லி பஸ் ஏறினேன். கமிட்டி கூடியிருந்த அறையின் வாசலில், உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிகிற மாதிரி நின்றேன். செயலாளர் எழுந்து வந்து, யார் சார்பில் வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

சாந்தம்மாவுக்காக வந்தேன் என்று சொல்லிவிட்டு, கூட்டம் முடியும்வரை அங்கேயே நின்றேன்.